கடிக்காது, முட்டாது, உதைக்காது

மாட்டு டாக்டர் வேலைக்குப் போனால் வாசலிலேயே காதில் விழும் முதல் பொய், "ஒண்ணும் செய்யாது டாக்டர்" என்பதுதான். எங்கள் பிழைப்பே இந்த இரண்டு கைகளில்தான் இருக்கிறது. கடிக்கிறதும் உதைக்கிறதும் குறி வைப்பது அதே கைகளைத்தான். போர்டிக்சன் ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஊசியும் கையுமாக அலையும் என் தொழில்காரர்களே, உங்களுக்கு இது புதிதல்ல.

பச்சப்புள்ள

அம்பாங்கானில் ஒரு வீட்டு நாய்க்குத் தடுப்பூசி. வாயைக் கட்டலாம் என்று பட்டையை எடுத்தேன். வீட்டுக்காரம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "எங்க ஜிம்மி பச்சப்புள்ள" என்றார். சரி, பச்சப்புள்ளையாச்சே என்று பட்டையைப் பையில் போட்டேன்.

பல் இறங்கிய கையைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் ஜிம்மியின் தலையைத் தடவியபடியே சொன்னார்: "அவன் உங்கள கடிக்கல டாக்டர், ஊசியத்தான் கடிக்கப் போனான். நடுவுல நீங்கதான் கைய வெச்சிட்டீங்க லா."

சாமி சொத்து

சி ரூசாவைத் தாண்டி ஒரு தோட்டத்தில், முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட கிடாவுக்குக் காலில் புண். கிடாக்காரர் கொம்பைப் பிடித்தால் நான் புண்ணைக் கழுவலாம். மனுஷன் கன்னத்தில் போட்டுக்கொண்டு நாலடி தள்ளி நின்றார். நானே பிடித்தேன். விலாவில் வாங்கிய முட்டில் ஒரு வாரம் தும்மக்கூட பயம்.

ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டதற்கு, "சாமி சொத்துல நான் கை வைக்கக் கூடாதுங்க. நீங்க டாக்டர், உங்கள மன்னிச்சிடும்" என்றார்.

மரியாதை

பெருமாள் அண்ணன் லாரி ஓட்டி ஓய்ந்தபின், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து ஓரமாய் மாடு வளர்க்கிறார். பசுவுக்கு மடிவீக்கம். கன்று கண்ணுக்கு நேரே நின்றால்தான் பசு அசையாமல் நிற்கும். தினமும் பால் கறக்கிற அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் அன்றைக்கு டாக்டர் வருகிறாராம். கொட்டகையைக் கழுவி, நாற்காலி போட்டு, கன்றைக் கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் கட்டிவிட்டார்.

நான் மடியில் கை வைத்தேன். பசு திரும்பிக் கன்றைத் தேடியது. காணோம். உதை விழுந்த வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அண்ணனுக்கு அழுகையே வந்துவிட்டது. "கன்னுக்குட்டி உங்க சட்டைய நக்கி அழுக்காக்கிடுமேன்னுதான் டாக்டர் கொண்டுபோய் கட்டினேன்."

இரண்டு விரல்

மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். கட்டைப் பிரித்தபோது இரண்டு விரல்கள் மடங்க மறுத்தன. மடங்கலாம், மடங்காமலும் போகலாம் என்றார் எலும்பு டாக்டர். பார்க்க வந்தவர்களிடம் சிரித்துப் பேசி அனுப்பிவிட்டு, அவர்கள் போனதும் விரல்களை மடக்கிப் பார்த்தேன். கன்று இழுக்க முடியாத மாட்டு டாக்டரை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள்? ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டே மாதங்கள் போயின. விரல்கள் பாதிதான் மடங்கின.

அப்போதுதான் லெட்சுமி அக்கா தோட்டத்திலிருந்து போன் செய்தார். அவர் பசுவுக்குக் காலையிலிருந்து வலி, கன்று வரவில்லை, வேறு டாக்டரும் கிடைக்கவில்லை. போய் அதே வலது கையை உள்ளே விட்டுப் பார்த்தால், கன்றின் முன்னங்கால் ஒன்று மடங்கிச் சிக்கியிருந்தது. பசு முக்கும்போதெல்லாம் கையைப் பிழிந்தது. குளம்பு கருப்பையைக் கிழிக்காமல் காலை நேராக்க, அதை உள்ளங்கையில் பொத்திப் பிடிக்க வேண்டும். அதற்கு ஐந்து விரலும் வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு மடக்கினேன். மடங்கியது.

இருவரும் சேர்ந்து இழுத்தோம். கன்று வந்து விழுந்து தலையை உதறியது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்து, விரல்களை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கி, தேம்பித் தேம்பி அழுதேன். லெட்சுமி அக்கா கன்றைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏன் டாக்டர் அழுவுறீங்க? கன்னு நல்லாத்தானே இருக்கு."

நோயாளி யார் என்பதில் இந்தத் தொழிலில் எல்லாரும் தெளிவாக இருக்கிறார்கள், எனக்குத்தான் அவ்வப்போது குழம்பிவிடுகிறது.