ஷோகேசில் ஒரு கேம் ஷாப்ட்

காலையில் மகள் போன் செய்தாள். நாளைக்கு மாப்பிள்ளையும் வருகிறாராம். ஷோகேசில் பொம்மைகளுக்கு நடுவே கிடக்கிற அந்த இரும்புத் தடியை எடுத்து உள்ளே போட்டுவிடச் சொன்னாள். போனை வைத்துவிட்டு அதை எடுத்து, பனியன் வேஸ்ட் துணியால் துடைத்தேன். ஆயில் வாசம் இன்னும் போகவில்லை. வாசம் மூக்கில் ஏறியதும் கோபமும் ஏறிவிட்டது.

அது ஒரு கேம் ஷாப்ட். சிரிக்காதீர்கள். பஸ் போர்டை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பஸ்ஸையே விட்டுவிடுகிறவள்தான் நான். ஆனாலும் இது தெரியும். என்ஜினுக்குள் படுத்தபடி சுற்றுகிற தடி. அதிலுள்ள முட்டுகள்தான் என்ஜின் மூச்சு விடுகிற கதவுகளைத் திறந்து மூடும்.

எங்களிடம் பழைய அம்பாசிடர் ஒன்று இருந்தது. வீட்டுக்காரரும் நானும் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைத்துத் தைத்து வாங்கியது. அவர் போன பிறகு, டிரைவர் ராசுவை வைத்துக் கல்யாணங்களுக்கு விட்டேன். மங்கலத்திலிருந்து வெள்ளகோவில் வரைக்கும் மாப்பிள்ளை அழைப்பு என்றால் எங்கள் கார்தான். மேளக்காரர் நடக்கிற நடைக்கு அதுவும் நடக்கும். அவர் நின்றால் நிற்கும், என்ஜின் மட்டும் அணையாது. பால் குடித்துவிட்டுப் படுத்த பூனை போல உறுமிக்கொண்டிருக்கும்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அது புகை கக்கத் தொடங்கி, என்ஜினைப் பிரிக்க வேண்டியதாயிற்று. மெக்கானிக் இரண்டு புதுத் தடிகளை என் முன்னால் வைத்தார். ஒன்று பழைய அளவு. இன்னொன்றைக் காட்டி, "இது முட்டு பெருசுங்கம்மா. பைபாஸ்ல பறக்கும். மெதுவாப் போனாத் திக்குமுங்க," என்றார்.

"நம்ம காரு மேளத்துக்குப் பின்னால போறது கண்ணு. பறந்து எங்க போகுது?" என்றேன். சிரித்துக்கொண்டே பழைய அளவை எடுத்துத் தனியே வைத்தார்.

மறுநாள் என் மாப்பிள்ளை அந்த மெக்கானிக்கிடம் போயிருக்கிறார். எக்ஸ்போர்ட் ஆபீஸில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பைபாஸில் விரட்டிப் பார்க்க ஆசை. அத்தை மனசு மாறிவிட்டார், பெரிய முட்டு வைத்த தடியையே போடச் சொன்னார் என்று சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்?

எனக்கு அது அவிநாசிக் கல்யாணத்தில்தான் தெரிந்தது. மேளம் மெதுவாக நடக்க, கார் இருமியது, குலுங்கியது, நின்றது. கிளப்பினால் மறுபடி அதே கதை. மணமகனின் தலைப்பாகை கண்ணுக்கு இறங்கிவிட்டது.

"ஏனுங்க, மாப்பிள்ளைய அழைக்க வந்தீங்களா, குலுக்க வந்தீங்களா?" என்று பெண் வீட்டாரில் ஒருவர் கேட்க, தெருவே சிரித்தது. மணமகன் இறங்கி நடந்தார். கயிறு தேடி டிக்கியைத் திறந்தால், நான் கேட்ட பழைய அளவுத் தடி வேஸ்ட் துணிக்குள் அப்படியே கிடக்கிறது.

விருந்துக்கு வந்திருந்த என் மாப்பிள்ளை பக்கத்தில் வந்து, "ராசுவுக்கு ஓட்டத் தெரியலீங்க அத்தை. ஆக்சிலேட்டர் குடுக்கோணுங்க," என்றார்.

எங்கள் பக்கம் மருமகனை அதட்டுகிற வழக்கமில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, "அப்ப நீங்களே ஓட்டுங்க மாப்பிள்ளை. மேளம் முன்னால போயிருச்சு," என்றேன். அவர் ஏறினார். கார் ஒரு தாவு தாவி, அவர் கையிலும் செத்தது.

அதற்கப்புறம் எங்கள் காரை யாரும் கூப்பிடவில்லை. பிரித்து மாற்றிவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்லிக்கொண்டே இருந்தார்; பிறகு அந்த வேகத்துக்கு ஆசைப்பட்ட ஒருவரைக் காரை வாங்கக் கோயமுத்தூரில் பிடித்து வந்தார். மகள் அழுதாள் என்பதற்காகத்தான் விற்கச் சம்மதித்தேன். ராசு மில்லுக்கு வாட்ச்மேனாகப் போனான்.

இப்போது அழைப்புக்கு வருகிற கார்களில் என்ஜின் ஓடுகிறதா என்றே தெரிவதில்லை. அந்த உறுமலைக் கேட்டுப் பல வருஷமாகிவிட்டது.

நாளைக்கு அவர் வருவார். வாங்க மாப்பிள்ளை என்பேன், கோழிக் குழம்பு வைப்பேன். ஒரு நாள்கூடச் சுற்றாத அந்தத் தடியைத் துடைத்து ஷோகேசிலேயே வைத்துவிட்டேன், அவர் எப்போதும் உட்காருகிற சோபாவுக்கு நேர் எதிரே.