ரோசாலி மேடத்தின் எட்டுத் தகடுகள்

முதலில் இந்தக் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். வரி நேராகப் போகாது. சில எழுத்து பூசணிக்காய் அளவுக்கு இருக்கும், சில கடுகு அளவுக்கு. எழுபத்தொரு வயதில் எழுதப் படித்தவன் நான். ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆனாலும் எழுதிய வரியை நானே திரும்பப் படிக்கும்போது வருகிற சந்தோஷத்தில் காப்பி ஆறிப்போவதுகூடத் தெரிவதில்லை. இதை மட்டும் கோபத்தோடு எழுதுகிறேன். கோபத்தில் கை இன்னும் கோணுகிறது.

அன்று பெரிய மார்க்கெட்டில் ஒரு கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். 'நாட்டு முருங்கை' என்று முடித்த நேரத்தில் போன் வந்தது. மேடத்தின் தம்பி சவரி பேசினார். "அண்ணே, அக்கா விடியக்காலைல போயிட்டாங்க." பலகை படித்த கதையைச் சாயங்காலம் மேடத்திடம் சொல்ல வேண்டும் என்று அப்போதுதான் நினைத்திருந்தேன். வாங்கிய கீரையைக் கடையிலேயே விட்டுவிட்டு நடந்தேன்.

அவரிடம் வேதியியல் படித்த நீங்கள் எல்லோரும் என்னைப் பார்த்திருப்பீர்கள். பஞ்சாலை மூடியபிறகு உங்கள் லேபில் கண்ணாடிக் குவளை கழுவினவன் நான். முதல் வாரமே மேடம் ஒரு பாட்டிலைக் காட்டி, "அதுல என்ன எழுதியிருக்கு, படிங்கண்ணே" என்றார். "கண்ணாடி எடுத்து வரல மேடம்" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் அவர் படிக்கச் சொல்லவில்லை. நைலான் நூல் கண்டு ஒன்றை என் கையில் வைத்தார். "மில்லுல நூல் அறுந்தா முடிச்சுப் போட்டவருதானே நீங்க? இனிமே தகட்டுக்கும் முடிச்சுதான். மசியில எழுதினா உப்புக்காத்து தின்னுடும். முடிச்சைத் தின்னாது." நானும் நம்பினேன். அன்று முதல் எங்கள் சோதனைத் தகடுகளுக்கு எத்தனை முடிச்சோ அதுதான் பெயர்.

அவர் வேலை என்ன என்று வெளியில் கேட்பவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். இரும்புத் தகட்டை அமிலத்தில் போட்டால் நுரைத்துப் பொங்கும், கரையும். அதே அமிலத்தில் மருதாணிச் சாற்றைக் கலந்தால் பொங்கல் அடங்கிவிடும். இலையின் சத்து இரும்பின் மேல் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டு காக்கும். நுரை அடங்கியதும் மேடம், "வுவாலா!" என்பார். அவர் வீட்டுப் பிரெஞ்சில் 'இதோ பார்' என்று அர்த்தமாம். பிறகு அந்தச் சாறுகளைப் பூச்சில் கலந்து, தகடுகளுக்குப் பூசி, கல்லூரி மொட்டை மாடியில் கடல்காற்றுக்குத் தொங்கவிட்டோம். இலை பறிப்பது, காயவைப்பது, இடிப்பது, கட்டுவது எல்லாம் நான்.

ஒருமுறை நைலான் நூல் தீர்ந்துபோய், செம்புக் கம்பியில் ஒரு தகட்டைக் கட்டிவிட்டேன். கம்பி பட்ட இடத்தில் இரும்பு அரித்துப் பள்ளமாகிவிட்டது. மேடம் திட்டுவார் என்று நின்றேன். "செம்பும் இரும்பும் ஈரத்துல ஒட்டி இருந்தா இரும்புதாண்ணே சாகும்" என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்தார். அந்தத் தப்பை அப்படியே எழுதி எனக்குப் படித்தும் காட்டினார். "இதைப் போய் எழுதணுமா மேடம்?" என்றேன். "தப்பையும் எழுதினாத்தான் மத்ததை நம்புவாங்க" என்றார்.

உங்கள் துறைத்தலைவர் லேப் வாசலில் நின்று, "என்ன ரோசாலி, இன்னிக்கு ரசமா, கஷாயமா?" என்று கேட்பார். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். மேடம் இடிகல்லிலிருந்து தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். "ரெண்டும் இல்ல சார். நீங்க பிடிச்சு ஏறுற மாடிக் கைப்பிடிக்கு வைத்தியம். துரு உங்க சட்டையிலயே இருக்கு பாருங்க." அவர் சட்டையைப் பார்த்துக்கொள்வார். துரு இருக்கும்.

போன மழைக்காலத்துக்கு முந்தின மழைக்காலத்தில் மேடம் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் படுத்தார். அங்கிருந்தே போனில் சொல்லச் சொல்ல, எட்டுத் தகடுகளை நான் தனியாகப் பூசித் தொங்கவிட்டேன். ஒவ்வொரு தகட்டின் எடையும் முடிச்சுக் கணக்கோடு நோட்டில் அவர் முன்பே எழுதியிருந்தார். எந்த முடிச்சுக்கு எந்த இலை என்பதை மட்டும் எழுதவில்லை. "வந்து எழுதிக்கறேண்ணே, நீங்க நினைப்புல வைங்க" என்றார். நான்கு நாளில் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. ரெட்டியார்பாளையத்தில் தம்பி வீட்டில் கட்டிலோடு கிடந்தார். நான் கிழவர்களுக்கான எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். "நீங்க சொன்னதை நான் எழுதறேன் மேடம்" என்று முதன்முதலில் சிலேட்டைக் காட்டியபோது பாதி வாயால் சிரித்தார். சிலேட்டில் இருந்தது அவர் பெயர். அதையே எழுத எனக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அடக்கத்துக்கு மறு வாரம் கல்லூரியில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். ரசமா கஷாயமா என்று கேட்ட அதே வாய், 'அறிவியலுக்கே வாழ்ந்தவர்' என்றது. கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்த நான் பொறுக்க முடியாமல் எழுந்து மாடிக்குப் போனேன். தகடுகள் தொங்கிய கம்பி காலியாக இருந்தது. எட்டுத் தகடுகளும் படிக்கட்டின் அடியில் ஒரு சாக்கில், உடைந்த நாற்காலிக் கால்களோடு, பழைய இரும்புக் கடைக்குப் போகக் காத்துக்கிடந்தன. சாக்கைத் தூக்கிக்கொண்டு நேரே துறைத்தலைவரிடம் போனேன்.

"பெயர் இல்லாத தகடு பெரியவரே. வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"முடிச்சு இருக்குது சார். எந்த முடிச்சுக்கு எந்த இலைன்னு எனக்குத் தெரியும்."

"வாயால சொன்னா ஆச்சா?" என்று பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "எழுதிக் குடுங்க, பாக்கலாம்."

எனக்கு எழுத்து தெரியாது என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னார். அவரை அடிக்காமல் வந்ததற்குக் காரணம், இரண்டு கையிலும் சாக்கு இருந்ததுதான்.

மேடத்தின் மேசையைக் காலிசெய்ய சவரி கூப்பிட்டிருந்தார். அடி இழுப்பறையில் ஒரு சிறிய மரப்பெட்டி. உள்ளே எஃகு அச்சுகள். சுத்தியலால் தட்டினால் இரும்பில் எழுத்துப் பதியும். வாங்கிய நாளின் எண்ணெய்த்தாள்கூடப் பிரியவில்லை. உப்புக்காற்று தின்னாத எழுத்தை இத்தனை வருடமும் இழுப்பறையில் வைத்துக்கொண்டுதான் அவர் என்னை முடிச்சுப் போடச் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் முன்னால் நான் கண்ணாடியைத் தேடக் கூடாது என்பதற்காக. 'எனக்குப் படிக்கத் தெரியாது மேடம்' என்று ஒரு வார்த்தை அன்றைக்கே சொல்லியிருந்தால் இந்த எட்டுக்கும் பெயர் இருந்திருக்கும். துறைத்தலைவர் மேல் இருக்கும் கோபத்தைவிட இது பெரிது. இதை யார் மேல் காட்டுவது?

எழுதித் தருகிறேன் சார். படியுங்கள்.

ஒரு முடிச்சு: வெறும் பூச்சு, இலை இல்லை. முழுக்கத் துரு.

இரண்டு முடிச்சு: மருதாணி. ஓரங்களில் மட்டும் துரு.

மூன்று முடிச்சு: வேப்பிலை. நடுவில் கொப்புளம்.

நான்கு முடிச்சு: மேடம் சொன்னது நொச்சி. அந்த வாரம் கல்லூரித் தோட்டத்தில் நொச்சியை வெட்டிவிட்டார்கள். மழையில் வேறு இடம் தேடச் சோம்பல்பட்டு, பக்கத்தில் நின்ற ஆடாதொடையைப் பறித்துப் போட்டேன். போனில் நொச்சி என்றே சொன்னேன். மேடத்துக்குக் கடைசிவரை தெரியாது. எட்டில் இந்தத் தகடுதான் ஒரு புள்ளித் துருகூட இல்லாமல் இருக்கிறது.

இதை எழுதாமல் நொச்சி என்றே போட்டிருக்கலாம். துறைத்தலைவருக்குச் சிரிக்க இன்னொரு காரணம் கிடைத்திருக்காது. பேனாவை மூன்று நாள் மூடி வைத்திருந்தேன். மேசையிலிருந்து எடுத்து வந்த நோட்டில் மேடம் எழுதிய செம்புக் கம்பி வரியை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதன்பிறகுதான் எழுதினேன்.

உங்களில் தராசும் லேபும் உள்ளவர்கள் வீட்டுக்கு வாருங்கள். தகடுகள் என் கட்டிலுக்கு அடியில் காய்ந்த துணியில் இருக்கின்றன. பூச்சு உடையும் என்பதால் அச்சால் தட்டவில்லை. அச்சுப் பெட்டியும் அந்த நூல்கண்டும் என்னிடமே இருக்கும்; அவற்றை மட்டும் கேட்காதீர்கள். இன்னும் நான்கு முடிச்சு பாக்கி. விரல் மரத்துவிட்டது. ஐந்தாவதை அடுத்த வாரம் எழுதுகிறேன். அதில் தப்பு எதுவும் இல்லை.