சந்தனமாரி டீச்சரின் இருபது பிள்ளைகள்

காலை எட்டு மணிக்கே சந்தனமாரி டீச்சர் தெருவில் இறங்கிவிடுவாள். இடது கக்கத்தில் ஒரு குடை. அதை விரித்து யாரும் பார்த்ததில்லை. வலது கை ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிக்கொண்டே வரும். "ஏளா, பயல எழுப்புனியா? தலை சீவ வேண்டாம், அப்படியே அனுப்பு. நான் சீவிக்கிடுதேன்." தெருமுனைக்கு வரும்போது பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள். இரண்டு பேர் வாயில் இன்னும் இட்லி இருக்கும்.

என் சின்னம்மை மகன் வீரபாகுவின் மூன்றாவது மகள் இவள். எனக்கும் மகள் முறை. தாய் வழி ஓட்டப்பிடாரம். அந்த வீட்டுப் பெண்களுக்கு மெதுவாகப் பேச வராது. கல்யாண வீட்டில் ரகசியம் சொன்னால் கடைசிப் பந்தியில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். இவள் மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொன்னால், எதிர்க்கடையில் பொட்டலம் மடிக்கிறவரும் கூடச் சேர்ந்து சொல்வார்.

அடிக்க மாட்டாள். குறும்பு செய்தவன் அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு, மணியடிக்கும்வரை கூடவே நடக்க வேண்டும். பயல்களுக்கு அதைவிடப் பிரம்படி மேல்.

பள்ளிக்கூடம் காசிலிங்கம் அண்ணாச்சியுடையது. மானேஜர் அவர்தான். கூரை ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. போன வருடம் ஐந்தாம் வகுப்புப் போயிற்று. அதோடு வாத்தியாரும் போனார். வகுப்பில் இருபது பிள்ளைகள் இல்லையென்றால் சர்க்கார் அந்த வேலையையே எடுத்துவிடும். டீச்சருடைய வீட்டுக்காரர் ஹார்பரில் மூட்டை விழுந்து கால் முறிந்து கிடக்கிறார். இவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

இந்த மாசியில் டெப்டி இன்ஸ்பெக்டர் பாஷ்யம் வருகிறார் என்று தகவல் வந்தது. ஆழ்வார்திருநகரிக்காரர், பிள்ளைகளைத் தலை எண்ணாமல் விடமாட்டார். உப்பு விளையும் காலம் வேறு. வகுப்பில் ஐந்து பிள்ளைகள் தாய் தகப்பனோடு உப்பளத்துக்கு வேலைக்குப் போய்விட்டன. மிச்சம் பதினைந்து.

அண்ணாச்சி அலட்டிக்கொள்ளவில்லை. அவருக்கும் கடற்கரைப் பள்ளிக்கூடத்து மானேஜருக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் ஒருவருக்கொருவர் பிள்ளைகளை இரவல் கொடுத்துக்கொள்வார்கள். அங்கிருந்து ஐந்து பேரைக் கூட்டிவந்து, வராதவர்களின் பெயரை ஆளுக்கொன்றாகச் சொல்லிக் கொடுத்து உட்காரவைத்தார்.

"அண்ணாச்சி, இது நமக்குத் தேவையா?"

"வேல தேவையா இல்லியா, அதச் சொல்லுளா."

டீச்சர் பதிவேட்டை எடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் முன்னால் பெயர் கூப்பிட்டாள். "சிவனாண்டி."

"உள்ளேன் டீச்சர்" என்று எழுந்தவன் மீன்பிடிக்கிற வீட்டுப் பையன். சொந்தப் பெயர் வளன். கணீரென்ற அந்தக் குரல் இன்ஸ்பெக்டருக்குப் பிடித்துவிட்டது. "ஒரு சாமி பாட்டு சொல்லு, கேப்போம்."

வளன் கண்ணை மூடினான். நெற்றி, மார்பு, தோள் என்று சிலுவை போட்டுக்கொண்டு, "பிதா, சுதன்" என்று ஆரம்பித்தான்.

பாஷ்யம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீச்சர், சிவனாண்டி எப்போ ஞானஸ்நானம் வாங்கிண்டான்?"

அண்ணாச்சிக்கு இருமல் வந்தது. டீச்சர் பதிவேட்டை மூடினாள்.

"இவன் இரவல் பிள்ளை சார். இந்த மாதிரி அஞ்சு பேரு இருக்கு. சோறு போட்டுத் திருப்பி அனுப்பணும்."

"அப்போ பதினஞ்சுதானா? உங்க வேலை போயிடுமே, தெரியுமோ?"

"தெரியும் சார். ஆனா என் பிள்ளைக பொய்யில்ல. அஞ்சும் அளத்துல நிக்கி. வாங்க, காட்டுதேன்."

"யாரோட அளம்?"

"நம்ம அண்ணாச்சி அளந்தான்."

டீச்சர் பதிவேட்டோடு வாசலில் இறங்கினாள், இன்ஸ்பெக்டரும் கூடவே எழுந்தார்.

அரை மைல் நடை. அண்ணாச்சி வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார். "நில்லுளா சந்தனமாரி, இந்த வெயிலு சாருக்கு ஒத்துக்கிடாது." அவள் நிற்கவில்லை. உப்புப் பாத்தி வரப்பில் ஏறி நின்றுதான் பதிவேட்டை விரித்தாள்.

"சிவனாண்டி."

"உள்ளேன் டீச்சர்." இந்தத் தடவை சிவனாண்டியே சொன்னான், முழங்கால்வரை உப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு. அடுத்தடுத்து மூன்று குரல்கள் வந்தன. இன்ஸ்பெக்டர் விரல் மடக்கிக்கொண்டே வந்தார்.

"பிள்ளைகள் நிஜம்தான், ஒத்துக்கறேன். ஆனா பள்ளிக்கூடத்துல இருந்தாத்தானே நான் எழுத முடியும்?"

"மத்தியான மணிக்கு அங்கன இருக்கும் சார், இருபதும்."

"எப்படி இருக்கும்? வேலையை யார் பார்ப்பா?"

அவள் பதிவேட்டுக்குத் திரும்பினாள். கடைசிப் பெயரைக் கூப்பிட்டாள். "சுடலைமாடத்தி."

தலையில் உப்பு நிறைந்த ஓலைப்பெட்டியோடு வரப்பில் வந்துகொண்டிருந்த பெண்பிள்ளை அப்படியே நின்று, "உள்ளேன் டீச்சர்" என்றது. டீச்சர் இரண்டு எட்டில் அதனிடம் போனாள். சொட்டிக்கொண்டிருந்த பெட்டியை இறக்கி, காசிலிங்கம் அண்ணாச்சியின் இரண்டு கையிலும் வைத்தாள்.