கேலி திரும்பி வந்த சாயங்காலம்: எம்.ரெட்டியபட்டி கும்மி

என்னோடு கோயம்புத்தூர் ஆபீசில் வேலை பார்க்கும் ரேவதி ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது போனில் அவள் அம்மா முத்துலட்சுமி பாடிய கும்மிப் பாட்டைப் போட்டுக் காட்டினாள். பழைய பாட்டு இல்லை, அந்த அம்மா நின்ற இடத்தில் கட்டியது. ரேஷன் கடை, நூறு நாள் வேலை, யார் வீட்டு மிக்சி யார் வீட்டில் இருக்கிறது என்று எல்லாம் அதில் வந்தது. சோறு ஆறியது தெரியாமல் கேட்டேன். அவள் ஊர் அம்மன் கோயிலில் நடக்கும் இந்தப் பங்குனிப் பொங்கலுக்கு லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். ரேவதிக்கு லீவு கிடைக்கவில்லை, பாவம்.

மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து காரியாபட்டி வழியாக அருப்புக்கோட்டைக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ஜன்னல் சீட்டுக்கு ஆசைப்படாதீர்கள், பங்குனி வெயில் கன்னத்தை வறுத்துவிடும். அங்கிருந்து எம்.ரெட்டியபட்டிக்கு ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். வழியெல்லாம் கருவேலமும் பருத்திக் காடும்தான். வேறு பச்சையே பார்க்காமல் இவ்வளவு தூரம் போயும் எனக்கு அலுக்கவில்லை.

ஆட்டோக்காரர் விசாரித்தார். "கும்மி பாக்கவா வாரீக? போன வருசம் சப்புன்னு போச்சுங்க. பாண்டியக்காவைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. இந்த வருசம் பாட்டே இல்லைங்காக." இதற்கா லீவு போட்டேன்?

பாண்டியம்மா யாரென்று ரேவதி வீட்டுக்குப் போனதும் தெரிந்தது. முத்துலட்சுமியம்மாவின் கொழுந்தியா, அதாவது வீட்டுக்காரரின் தங்கை. ரெண்டு வீடு தள்ளி இருக்கிறார். நான் போனபோது ஒரு சொம்பு மோரோடு வந்தார். "வாங்க, உக்காருங்க," என்றார் முத்துலட்சுமியம்மா. "இருக்கட்டும், நீங்க வேலையப் பாருங்க," என்றார் பாண்டியம்மா. மோரை வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் மெய்மறந்து, "நாத்தனாருக்கும் அண்ணிக்கும் இவ்வளவு மரியாதையா! எங்க ஊர்ல பார்க்கவே முடியாதும்மா," என்று புகழ்ந்து தள்ளினேன்.

அந்த அம்மாவின் முகம் சுண்டிப்போனது. "அது மரியாத இல்ல தாயி. பேச்சு முறிஞ்சு போச்சு," என்றார்.

இங்கே மதினியும், அதாவது அண்ணியும், கொழுந்தியாளும் கேலி பேசித்தான் ஆக வேண்டும். முறை அப்படி. கும்மியில் முத்துலட்சுமி பாண்டியை ஒரு வரியிலாவது கேலியாக வாருவார். பாண்டி எதிர்ப்பாட்டில் திருப்பி வாருவார். ஊரே அதற்காகத்தான் காத்திருக்கும். பாட்டில் ஒருத்தியை விட்டுவிட்டால் அவளோடு உறவில்லை என்று ஊருக்கே சொன்ன மாதிரி.

பருத்திச் சுளையைக் காய்த் தோட்டிலிருந்து பிரித்தபடியே முத்துலட்சுமியம்மா நடந்ததைச் சொன்னார். நானும் கூட உட்கார்ந்து பிரித்தேன், நகக்கண்ணெல்லாம் கிழிந்ததுதான் மிச்சம். போன வருசப் பொங்கலுக்கு முன்னால் பாண்டியம்மாவுக்கு மதுரை ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை ஆபரேசன் நடந்திருக்கிறது. சொந்தபந்தமெல்லாம் போய்ப் பார்த்தார்கள், இவர் மட்டும் போகவில்லை. "போகலைன்னு அவ நெனைக்கா. நான் போனேன் தாயி. ஆரஞ்சு வாங்கிக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனேன். எங்க ஆத்தா அங்கதான் செத்துச்சு. அந்த மருந்து வாட வந்துச்சு பாருங்க, காலு நகரல. திரும்பி பஸ் ஏறிட்டேன்."

"இதை அவங்ககிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா?"

"வீட்டுக்குப் போயிச் சொன்னா சாக்கு சொல்லுறான்னு நெனைப்பா. அவள விட்டுட்டு வேற பாட்டுக் கட்டவும் வாயி வரமாட்டேங்குது." இன்னொரு காயை எடுத்துப் பிரித்துக்கொண்டே, "அந்த ஆரஞ்ச நான் என்ன செஞ்சேன்னு கேக்கலையே நீங்க," என்றார். கேட்டேன். சொன்னார். நான் சிரித்தேன், அப்புறம் அவரும் சிரித்துவிட்டார். பிரித்த பருத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுக்கத் தொடங்கினார். நான் குறுக்கிடாமல் அடுத்த காயைப் பிரித்தேன்.

சாயங்காலம் முளைப்பாரி வளர்க்கும் வீட்டு வாசலில் பெண்கள் வட்டம் கட்டினார்கள். பாண்டியம்மா எதிர்ப்பக்கம் நின்றார். முத்துலட்சுமியம்மா முன்னால் வந்ததுமே சலசலப்பு அடங்கியது. சாமியைக் கும்பிட்டு ரெண்டு அடி பாடினார். பிறகு குரலை ஏற்றினார்:

"ஆரஞ்சு நாலு வாங்கி – பாண்டி
ஆஸ்பத்திரி வாசல் வந்தேன்
ஆத்தா செத்த வாட கண்டு – பாண்டி
அங்கனயே நின்னு போனேன்
உள்ள வர நெஞ்சில்லாம – பாண்டி
உரிச்சுத் தின்னு ஊரு வந்தேன்!"

வட்டம் கையைக் கொட்டியது, ஆனால் யாரும் திருப்பிப் பாடவில்லை. எல்லாருடைய கண்ணும் பாண்டியம்மா மேல். அவர் தலையைக் குனிந்து ஒரு சுற்று சும்மா கொட்டினார். அடுத்த சுற்றில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்:

"தின்ன பழம் போகட்டும் – மதினி
தோலையாச்சும் தந்தியா நீ?"

அவ்வளவுதான், வட்டமே குலுங்கியது. அழுதுகொண்டே சிரிக்கிற ரெண்டு பேரையும் நடுவில் விட்டுக் கும்மி சுற்றியது. நானும் அழுதேன், அதை மறைக்க ஒன்றுமில்லை. ஒரு மன்னிப்பை இவ்வளவு அழகாகக் கேட்டு, இவ்வளவு அழகாகக் கொடுத்து நான் பார்த்ததில்லை. நாமென்றால் போனில் நீளமாக டைப் பண்ணி, அனுப்பாமல் அழித்திருப்போம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஊருக்கு ஊர் பொங்கல் நாள் மாறும், விசாரித்துக்கொண்டு போங்கள். தங்குவதற்கு அருப்புக்கோட்டைதான் வசதி. பூமிநாதர் கோயில் பார்க்க வேண்டுமென்றால் திருச்சுழிக்குத் தனியாக ஒரு காலைப்பொழுதை வைத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் வீடியோ எடுக்காதீர்கள். கும்மிக்குள் இழுத்தால் மறுக்காமல் போங்கள். நான் கொசு அடிக்கிற மாதிரி கொட்டினேன் என்று மறுநாள் பாட்டில் வந்துவிட்டது, எனக்குப் பெருமைதான்.

யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகாதீர்கள். அடுத்த முறை என்ன வாங்கி வரலாம் என்று நானும் கிளம்பும்போது பாண்டியம்மாவிடம் கேட்டேன். அவருடைய மதினி பக்கத்தில்தான் நின்றார்.

"ஆரஞ்சு வாங்கிட்டு வா. ஆனா ஓங்கையால நேரா என்கிட்ட குடு. மதினிகிட்ட குடுத்து விட்டுராத."