கொக்கை நான் தோற்கடித்த ஞாயிற்றுக்கிழமைகள்

ஏழு வயதில் எனக்கு ஓர் எதிரி இருந்தது. அதற்குக் கண் கிடையாது, காது கிடையாது, வயிறு கிடையாது. வாய் மட்டும்தான். அந்த வாயால் சட்டையைக் கவ்விக்கொண்டு, எங்கள் வீட்டு வாசல் திண்ணையான இஸ்தோப்பில் என் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

என் இடம் என்பது அத்தைக்கு எதிரே விரித்த ஒரு சாக்கு. அத்தை என் அப்பாவின் தங்கை. பகலெல்லாம் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு, நாலு மணிக்கு மேல் லயத்து வரிசை வீட்டு இஸ்தோப்பில் கால் நீட்டி உட்கார்ந்து, வெளிச்சம் இருக்கும்வரை காஜா தைப்பாள். றக்வான பஜாரில் தையல் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, சட்டைகளை மெஷினில் தைத்து, பொத்தான் துளைகளை மட்டும் கையால் தைத்துத் தரச்சொல்லி மூட்டையாகக் கட்டிக் கொடுப்பார். அந்தத் துளைக்குத்தான் காஜா என்று பெயர்.

காஜா பார்ப்பதற்குச் சின்னது. ஆனால் பொல்லாதது. பொத்தான் அளவுக்குத் துணியைக் கீறி, கீறலின் ஓரத்தை நூலால் நெருக்கி நெருக்கிப் பின்னிக்கொண்டே வரவேண்டும். துணி கொஞ்சம் தளர்ந்தாலும் துளை கொட்டாவி விட்ட வாய் மாதிரி ஆகிவிடும். அப்புறம் பொத்தான் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்துவிடும். அதனால் கீறலின் இரண்டு முனையையும் யாராவது விறைப்பாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த யாராவது நான்தான்.

அந்த வேலையில் இருந்த சுகம் எனக்குத்தான் தெரியும். "அடியே, பீலிக்குப் போயி ஒரு வாளி தண்ணி கொண்டா" என்று அம்மா கூப்பிட்டால், "காஜா புடிச்சிக்கிட்டு இருக்கேன்மா!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவிலிருந்து தம்பியைத் தூக்கிவரச் சொன்னாலும் அதே பதில்தான். அத்தை தைத்துக்கொண்டே கங்காணி தும்முவது மாதிரி தும்மிக் காட்டுவாள். நான் சிரிப்பை அடக்கவேண்டும், கை ஆடக் கூடாது. சனிக்கிழமை மூட்டையைக் கொண்டுபோகும்போது என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொள்வாள். வளைவுக்கு வளைவு அவள் மேல் சாய்ந்துகொண்டே போனால், கடையில் நானா ஒரு தோடம்பழ இனிப்பை என் உள்ளங்கையில் வைத்து, "இந்தாங்க, காஜா முதலாளி" என்பார். அந்த வயதில் அதைவிடப் பெரிய பதவி எனக்குத் தெரியாது.

தீபாவளிக்கு முன்னால், லயத்துக் கதவுகளைப் பழுதுபார்க்க ஃபெக்டரிப் பட்டறையிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். தச்சு வேலைக்காரர் என்பதால் தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் பாஸ். வயது குறைவு, மீசை அதைவிடக் குறைவு. மற்ற வீட்டுக் கதவெல்லாம் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. எங்கள் வீட்டுக் கதவுக்கு மட்டும் அரை வாரம் பிடித்தது. எங்கள் கதவுதான் லயத்திலேயே ரொம்பக் கெட்டுப்போன கதவு போலிருக்கிறது என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

கடைசி நாள் அவர் உளியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

"பாவம், இந்தப் புள்ளைய ஏன் இப்படிக் கட்டிப்போட்டு வச்சிருக்கீங்க? வெளையாடப் போகட்டுமே."

"அவ போயிட்டா துணிய யாரு புடிக்கிறது, நீங்களா?" என்றாள் அத்தை, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பாஸுக்குக் காது சிவந்துவிட்டது. வெயில் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த எதிரியோடு வந்து நின்றார். அடியில் ஒரு சின்னப் பலகை. அதன்மேல் நட்டமாக நிற்கிற இரண்டு பலாச் சட்டங்கள். மேல்முனையில் இரண்டுக்கும் உள்பக்கம் சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டியிருந்தார். நடுவில் ஒரு போல்ட், அதில் விரலாலேயே திருகுகிற மாதிரி இரண்டு சிறகு வைத்த நட்டு. பலகையைத் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்து, துணியை வாய்க்குள் விட்டு நட்டைத் திருகினால், அப்படியே கவ்விக்கொள்ளும். தைப்பவளுக்கு இரண்டு கையும் மிச்சம்.

"கொக்கு மாதிரியே இருக்கு" என்றாள் அத்தை. அன்றிலிருந்து அதற்குப் பெயர் கொக்கு.

"இனிமே புள்ள வெளையாடலாம்" என்றார் பாஸ்.

"வெளையாட்டா? இனிமே தண்ணிக்கு ஆள் கெடச்சிருச்சி" என்றாள் அம்மா.

எனக்கு வந்த அழுகையைக் கோபம் முந்திக்கொண்டது. "என்னைவிட அது நல்லாப் புடிக்குமா? போட்டி வச்சுப் பாருங்க!" என்று கத்தினேன்.

போட்டி என்ற சொல்லைக் கேட்டால் என் அப்பாவுக்குக் காய்ச்சலே விட்டுப்போகும். யார் வீட்டுச் சேவல் முதலில் கூவும் என்பதற்கே பந்தயம் கட்டுகிற மனுஷர். உடனே சாரத்தை மடித்துக் கட்டினார். இரண்டு ஊதுபத்தியை ஒரே அளவாக முறித்தார். ஒரு பத்தி எரிந்து முடிவதற்குள் கொக்கின் வாயில் எத்தனை காஜா, இன்னொரு பத்திக்குள் என் கையில் எத்தனை காஜா, அவ்வளவுதான் சட்டம். நான் ஜெயித்தால் சாக்கு எனக்கு. கொக்கு ஜெயித்தால் வாளி எனக்கு.

லயமே எங்கள் வாசலில் கூடிவிட்டது. பக்கத்துக் கிராமத்திலிருந்து கித்துல் கருப்பட்டி விற்க வரும் சிங்களத் தாத்தாகூடக் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதலில் கொக்கு. பத்தியைக் கொளுத்தியதும் அத்தையின் ஊசி பறந்தது. ஒரு காஜா முடிந்தது. நான் ஒரு விரலை மடக்கினேன். இரண்டாவது பாதியில் இருக்கும்போது, சொத்தென்று துணி வாயிலிருந்து நழுவியது. பாஸ் பாய்ந்து வந்து குனிந்து நட்டை முறுக்கினார். முறுக்க ரொம்ப நேரமானது. இன்னும் நாலு தையல் போவதற்குள் மறுபடியும் நழுவியது. மறுபடியும் அவர் குனிந்தார். அத்தையின் பெருவிரல் அந்த நட்டின் மேல் பட்டும் படாமலும் இருந்தது. அது அங்கே என்ன செய்கிறது என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. நான் சந்தோஷத்தில் குதித்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் பாஸு, ஃபெக்டரி மெஷினெல்லாம் நீங்கதான் பூட்டுறதாமே? இந்த ஒரு நட்டு மட்டும் நிக்கமாட்டேங்குதா?" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்க, பெண்களெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அனே பவ்!" என்று கருப்பட்டித் தாத்தா பாஸுக்காகப் பரிதாபப்பட்டார்.

பத்தி அணைந்தபோது கொக்கின் கணக்கில் இரண்டே காஜா.

அடுத்து நான். சாக்கில் உட்கார்ந்து, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் வெளுக்கிற அளவுக்குத் துணியைப் பிடித்தேன். மூச்சைக்கூடப் பாதிதான் விட்டேன். ஒன்று முடிந்தது. இரண்டும் முடிந்தது. மூன்றாவதில் ஊசி இறங்கும்போது காலில் குளுகுளுவென்று ஏதோ ஏறியது. பார்க்காமலே தெரிந்துவிட்டது. மழைக்காலத்தில் எங்கள் மலையில் அதற்கு அறிமுகம் தேவையில்லை.

"ஐயோ, அட்டை! புள்ள கால்ல அட்டை!" என்று பெரியம்மா கத்தினாள். அட்டையை விழவைக்க அம்மா சவர்க்காரக் கட்டியோடு ஓடி வந்தாள்.

"தொடாதீங்க! யாரும் தொடாதீங்க!" என்று நான் அதைவிடச் சத்தமாகக் கத்தினேன். கை மட்டும் ஆடவில்லை.

அட்டை நிதானமாக இடம் பார்த்து, கணுக்காலுக்கு மேலே விருந்து சாப்பிட்டது. அப்பா பத்தியையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்து, "புடி மகளே, புடி! இன்னும் கொஞ்சந்தான்!" என்று சாரத்தைத் தூக்கிக்கொண்டு குதித்தார். அட்டை உருண்டு விழுந்தபோது நாலாவது காஜா முடிந்திருந்தது. ரத்தம் பாதம்வரை வழிந்தது. லயமே கை தட்டியது. எனக்குக் கால் இருப்பதே ஞாபகம் இல்லை. சாக்கு என்னுடையது!

பாஸ் தலையைச் சொறிந்தார். "கொக்குல சின்னக் கோளாறு இருக்குண்ணே. இங்கயே இருக்கட்டும், அடுத்த ஞாயித்துக்கிழம வந்து சரிபண்றேன்."

"சரி, வாங்க. நடுவர் ரெடி" என்றார் அப்பா.

அடுத்த ஞாயிறும் வந்தார். தோற்றார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். அப்போதும் தோற்றார். இத்தனைக்கும் ஒவ்வொரு முறையும் தலையெண்ணெய் தடவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் தோற்க வருவார். தோற்ற ஆளுக்கு அத்தை இஞ்சி போட்ட தேத்தண்ணி கொடுத்தாள். கடித்துக்கொள்ளக் கருப்பட்டியும் வைத்தாள். ஜெயித்த எனக்குக் கிடைத்ததைவிட அவருக்கு வைத்த துண்டு பெரிதாக இருந்தது. இது என்ன நியாயம் என்று கேட்டேன்.

"தோத்தவங்களுக்கு ஆறுதல் வேணாமாடி?" என்றாள் அத்தை.

தீபாவளி நெருங்க நெருங்க மூட்டை பெருத்தது. ஒருநாள் மழைக்காக மலையிலிருந்து எல்லாரையும் நேரத்தோடு இறக்கிவிட்டார்கள். நான் தம்பியைப் பிள்ளைக் காம்பராவிலிருந்து தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தேன். இஸ்தோப்பில் அத்தை தனியாகக் கொக்கோடு உட்கார்ந்திருந்தாள். ஊசி போகிற வேகத்தில் கண்ணுக்கே தெரியவில்லை. பக்கத்தில் முடிந்த சட்டைகள் குவிந்து கிடந்தன. தம்பி என் இடுப்பிலிருந்து நழுவி ஓடி, தொங்கிய சட்டைக் கையைப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்தான். கொக்கு விடவில்லை. அவன் பின்பக்கமாகச் சாய்ந்து, தொங்கியே பார்த்தான். அப்போதும் அது விடவில்லை.

நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை அத்தை கவனிக்கவில்லை. எனக்கோ தலைகால் புரியவில்லை. எவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்! ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் அவிழ்த்துவிட்டேன்.

"அப்பா, கொக்கு மத்த நாள்ல நல்லாத்தான் புடிக்குது. தம்பி தொங்கினான், அப்பவும் விடல. ஞாயித்துக்கிழம மட்டுந்தான் நழுவுது. ஏன் தெரியுமா? எம்மேல அதுக்குப் பயம்!"

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. எழுந்துபோய்க் கொக்கை எடுத்தார். தன் சாரத்து நுனியை அதன் வாயில் வைத்து, நட்டைத் திருகி இழுத்தார். சாரம்தான் அவிழப் பார்த்தது. கொக்கு அசையவில்லை. அத்தை சட்டென்று எழுந்து, கழுவி வைத்திருந்த கோப்பைகளை மறுபடியும் கழுவப் போய்விட்டாள். அம்மா சிரிப்பை விழுங்கப் பார்த்துப் புரையேறி இருமினாள்.

நடுவர் கொக்கைக் கீழே வைத்தார். பாவம், எத்தனை ஊதுபத்தியைக் கொளுத்தியிருக்கிறார்! பிறகு பின்பக்கம் பார்த்து, "அவ்வளவு புடிச்சிருக்கா?" என்று கேட்டார். கோப்பைச் சத்தம் நின்றது. கொக்கு நன்றாகப் பிடிக்கிறதா என்று கேட்கிறாராக்கும் என்று, "நல்லாப் புடிக்குதுப்பா" என்று நான்தான் பதில் சொன்னேன்.

அப்பா என்னிடம் திரும்பினார். "நாளைக்கு ஸ்கூலுக்குப் போற வழியில பட்டறையில சொல்லிட்டுப் போ. ஞாயித்துக்கிழம வாறப்போ பாஸ் அவங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு வரணுமாம்."

இது எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது. பள்ளிக்கூடத்தில் தொடர்ந்து தப்புச் செய்கிற பிள்ளைகளை வாத்தியார் அப்படித்தான் அம்மாவைக் கூட்டிவரச் சொல்வார். காலையில் பட்டறை வாசலில் நின்று, இடுப்பில் கை வைத்து, வாத்தியார் குரலிலேயே சொன்னேன். பாஸின் கையிலிருந்த உளி கீழே விழுந்தது.

"அப்பா சிரிச்சிக்கிட்டுச் சொன்னாங்களா, கோவமாச் சொன்னாங்களா?"

அப்பா எப்படிச் சொன்னார் என்று நான் கவனிக்கவே இல்லை. ஆனாலும், "கோவமாத்தான்" என்றேன். தோற்றவர் கொஞ்சம் பயப்படட்டுமே.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமே வரவில்லை. அவருடைய அம்மாவிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று பாடமாக்கி வைத்துக்கொண்டேன். உங்க மகனுக்கு ஒரு நட்டுகூட முறுக்கத் தெரியல. பெரிய கருப்பட்டித் துண்டெல்லாம் அவருதான் திங்கிறாரு.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முன்னால் அவருடைய அம்மா, பின்னால் வேர்த்து விறுவிறுத்துப் பாஸ். அவர் கையில் ஒன்றுமில்லை. அந்த அம்மாவின் கையில் ஒரு பெரிய தட்டு. தட்டு நிறைய வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய், தலைவாரும் சீப்பு ஒன்று, மஞ்சள் நிறத்தில் ஒரு சேலை. இத்தனை வாரம் ஜெயித்ததற்கு ஒருவழியாகப் பரிசு வந்துவிட்டது! சேலைதான் என் அளவுக்குப் பெரிது. போனால் போகிறது, வளர்ந்து கட்டிக்கொள்ளலாம். பாடமாக்கியதையெல்லாம் அந்த நிமிஷமே மறந்து, பாஸை மன்னித்துவிட்டு, எல்லாரையும் இடித்துக்கொண்டு முன்னால் போய், தட்டுக்கு இரண்டு கையையும் நீட்டினேன்.

பாஸின் அம்மா திகைத்துப்போய், தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து என் கையில் வைத்தாள். அப்பா முதலில் சிரித்தார். அதற்கப்புறம்தான் பாஸுக்கு மூச்சே வந்தது.

நான் பழத்தை உரித்துக்கொண்டே, ஜெயித்தவளின் பெருந்தன்மையோடு சொன்னேன்:

"இனிமே அந்தக் கொக்க நீங்களே ஒங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க பாஸ். இங்க அதுக்கு வேல இல்ல."

"கொக்க மட்டும் கொண்டுபோயி நான் என்னா பண்றது?" என்றார் பாஸ், தரையைப் பார்த்துக்கொண்டே. "அதுல தைக்க ஆளு வேணாமா?"

இஸ்தோப்பே அதிர்கிற மாதிரி எல்லாரும் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து அத்தையும் சிரித்தாள். பழத்தை வாயில் அடைத்துக்கொண்டு, அவர்கள் எல்லாரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன்.