வெள்ளை மானும் சட்டைப்பைக் கமராவும்

கமரா விற்றுப் பிழைக்கும் என் இனத்தவரே, கல்யாண வீட்டுக்காரரைச் சமாளித்துவிடலாம், புதிதாகப் பிள்ளை பெற்றவர்களையும் சமாளித்துவிடலாம், வேட்டைக்காரர் கடைக்குள் வந்தால் மட்டும் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான். எங்கள் கடை இருக்கும் ஜெர்மன் நகரமான வுப்பர்டாலைச் சுற்றிக் காடு. வேட்டைக்காரரின் பச்சைத் தொப்பிகளுக்குப் பஞ்சமில்லை.

ஒற்றைக்கண்

வேட்டைக்காரரை அடையாளம் காணத் தொப்பி தேவையில்லை. எந்தக் கமராவைக் கையில் கொடுத்தாலும் ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்துவார்கள். பின்னால் உள்ளங்கை அகலத்துக்குத் திரை இருக்கிறது, இரண்டு கண்ணாலும் பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

சிவநேசன் அண்ணையும் அப்படித்தான் வந்து நின்றார். குளிர்பெட்டி திருத்துகிறவர். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்த சனத்தில், இங்கே வந்து ஜெர்மன் வேட்டைப் பரீட்சை எழுதித் துவக்கு வாங்கிய ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து அவர்தான். என்னோடு வேலை செய்யும் பெட்ரா அவரைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள்: "உன் ஆளை மூச்சு விடச் சொல். கடைக்குள் விழுந்தால் யார் தூக்குவது?"

சுடக்கூடாதது

அண்ணையின் பிரச்சினை இதுதான். ஒரு பின்னேரம் காட்டில் வேட்டைப் பரணில் காத்திருந்தபோது உடம்பெல்லாம் வெள்ளையாக ஒரு மான் வந்து நின்றிருக்கிறது. அதை வெள்ளிக்கிழமை பியர் மேசையில் போய்ச் சொல்லிவிட்டார். வேட்டைக்காரர்கள் கூடும் அந்த மேசையில் ஒரு கதிரை கிடைக்க மனிதர் பட்ட பாடு கொஞ்சமல்ல. மேசைத் தலைவர் ரைன்ஹோல்ட், இது சுத்தப் புளுகு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவர் உள்ளே நுழைந்தாலே, "இன்றைக்கு யானை ஏதும் வந்ததா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். படம் காட்டினால் மானம் மிஞ்சும், இல்லையென்றால் அந்தக் கதிரையில் இனி இருக்க முடியாது.

சுட்டுக் கொண்டுபோய்க் காட்டவும் வழியில்லை. வெள்ளை மானைச் சுட்டவன் ஒரு வருடத்துக்குள் செத்துப்போவான் என்பது இங்குள்ள வேட்டைக்காரர்களின் நம்பிக்கை. "அண்ணை, இந்த வெள்ளைக்காரற்ர கதைக்கெல்லாம் நீங்கள் ஏன் பயப்பிடுறியள்?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "எங்கட சனியனெண்டால் எள்ளெண்ணெய் எரிக்கலாம் தங்கச்சி. இவங்கட சனியனுக்கு என்னத்தை எரிக்கிறது?"

பெரிய சூம்

கடையில் இருந்ததிலேயே நீளமான சூம் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார். தூரம் கூடக்கூட வெளிச்சம் குறையும், கையும் ஆடும், மான் வருவதோ பொழுதுபடும் நேரம், ஆகவே சூம் கொஞ்சம் குறைந்தாலும் சென்சர் பெரிதாக உள்ள, சட்டைப்பைக்குள் அடங்குகிற ஒன்றை எடுங்கள் என்று தொண்டைத்தண்ணி வற்றச் சொன்னேன். கேட்டால்தானே.

அடுத்த கிழமை படத்தோடு வந்தார். கரும்பச்சைக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ ஒன்று, அதைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக. மான் என்று அண்ணை சத்தியம் செய்தார். பெட்ரா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "என் குளியலறைச் சுவரிலும் இதே பூஞ்சணம்தான்."

பீப்

மாற்றிக்கொண்டு சின்னக் கமராவை எடுத்தார். பீப் சத்தத்தையும், இருட்டில் தானாக எரிகிற செம்மஞ்சள் விளக்கையும் நிறுத்தித் தருகிறேன் என்றேன். தொடவே விடவில்லை. வேட்டைக்காரனுக்கே அடக்கமாக இருக்கப் படிப்பிக்கிறியோ என்று ஒரு பார்வை.

பிறகு நடந்ததை நீங்களே ஊகிப்பீர்கள். மான் வந்தது, அண்ணை அழுத்தினார், விளக்கு எரிந்தது, கமரா கத்தியது, படத்தில் புல் மட்டும் நின்றது. சத்தத்தை ஏன் விட்டுவைத்தீர்கள் என்று கேட்டேன். முகத்தில் ஒரு வெட்கமும் இல்லாமல் சொன்னார்: "எங்கட தொழில்ல பீப் அடிச்சாத்தான் சாமான் வேலை செய்யுது எண்டு அர்த்தம்."

சாட்சி

இரண்டையும் நானே நிறுத்திக் கொடுத்தேன். பிறகு ஒருநாள் காலையில், கடை திறக்க முதலே வாசலில் நின்றார். படம் அப்படி வந்திருந்தது. பால் வெள்ளையில் மான், காதிலிருந்த மயிரைக்கூட எண்ணலாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்ரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை படத்தோடு மேசைக்குப் போனவர், திங்கட்கிழமை தொங்கின முகத்தோடு வந்தார். கை மாறிக் கை மாறிப் பார்த்தார்களாம், கடைசியில் ரைன்ஹோல்ட், இவ்வளவு துப்புரவாக எந்த மானும் நிற்காது, இது கணினி செய்த படம் என்று சொல்லிவிட்டாராம். "மங்கலா இருந்தா மானில்லை எண்டுறாங்கள், தெளிவா இருந்தா கம்ப்யூட்டர் எண்டுறாங்கள். நான் இனி அங்க போகேல்லை," என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேசையையே புரட்டியிருப்பேன்.

அடுத்தநாள் அந்த ரைன்ஹோல்டே தனியாக வந்து, அண்ணையிடம் இருக்கும் அதே கமரா வேண்டுமென்றார். அந்தப் படம் கணினி செய்ததல்லவா, உங்களுக்கு எதற்கு என்று கேட்டேன். வாசலை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "கணினி செய்ததுதான், அதில் சந்தேகமே இல்லை. அது எந்தப் பரண் என்று மட்டும் அவரிடம் மெல்லக் கேட்டுச் சொல்ல முடியுமா?"

படத்தை நம்பாதவருக்கும் கமராவை விற்பதுதான் எங்கள் பிழைப்பு, பரணைக் காட்டிக்கொடுப்பது அதில் சேராது.