கோல்கீப்பர் கைவிட்ட பழம்

ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் ஊர் ஹாஸ்டலில் மிலாக்ரோஸ் அளவுக்கு வேலையைத் தொலைத்தவர் யாரும் இல்லை. காபிக் கடையில் தட்டுகளை உடைத்தாள். மோட்டலில் படுக்கை விரிக்கப் போன இடத்தில் அதிலேயே தூங்கிவிட்டாள். முதுகுப்பையோடு ஊர் சுற்ற அர்ஜென்டினாவிலிருந்து வந்தவளுக்கு மூன்றாவதாகக் கிடைத்தது தர்பூசணித் தோட்டம்.

அங்கே எல்லோரும் வரிசையாக நின்று, பழத்தைக் கைக்குக் கை எறிந்து டிரெய்லரில் ஏற்ற வேண்டும். முதல் பழம் பறந்து வந்ததுமே அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சொந்த ஊரான ரொசாரியோவில் எட்டு வருடம் கோல் காத்த கை அல்லவா! எட்டிப் பிடித்தாள், பாய்ந்து பிடித்தாள். ஒரு பழம்கூடத் தரையைத் தொடவில்லை.

உச்சிவெயிலில், பக்கத்தில் நின்ற ஐரிஷ்காரன் டார்ராக் பொரிந்து தள்ளினான்: "அடிப்பாவி, கீழ விழுந்து உடைஞ்சாத்தான் நமக்குத் திங்கக் கிடைக்கும். ஒண்ணையாவது விடேன்!"

அடுத்த பழம் நெஞ்சுக்கு நேராக வந்தது. மிலாக்ரோஸ் இரண்டு கையையும் அகல விரித்தாள். பழம் பொத்தென்று விழுந்து சிவக்கப் பிளந்தது. வரிசையே ஓடி வந்தது.

"காலையிலேர்ந்து ஒண்ணுகூட விடலியே, இப்ப என்னாச்சு?" என்று டிராக்டரிலிருந்து கத்தினார் தோட்டத்து முதலாளி கீத்.

"கோல் விழுந்துடுச்சு, கீத்!" என்றாள், வாய் நிறையப் பழத்தோடு.